போயிட்டு வா சொல்லி அனுப்பின வண்டி

கருக்குவிளையில யாரும் போறது கிடையாது, வாரதுதான் உண்டு. மெட்ராசுக்குப் போறவனும் வாசல்ல நின்னு 'வாரேன்'ம்பான், மிலிட்டரிக்குப் போறவனும் 'வாரேன்'ம்பான், கட்டிக்கொடுத்த புள்ள கண்ணைக் கசக்கிக்கிட்டு 'வாரேம்மா'ன்னு சொல்லித்தான் காரில ஏறும், வீட்டுல இருக்கவங்க 'போயிட்டு வா'ன்னு சொல்லி முடிக்குறவரைக்கும் போறவன் கால் படியை விட்டு இறங்காது. தமிழ் பேசுற ஊர் எல்லாத்துலயும் இதே கதைதான, இதுல என்ன பெருசுன்னு கேப்பிய. கொஞ்சம் பொறுங்க. மத்த ஊர்ல இது வழக்கம், எங்க ஊர்ல இது பயம். 'போறேன்'னு சொன்னவன் போயே போயிடுவான்னு பயம். இழவு வீட்டுல மட்டும்தான் நாங்க 'வாரேன்'னு சொல்ல மாட்டோம். துக்கம் கேட்டுட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சு, திரும்பிப் பாக்காம நடந்துடுவோம். அங்க நின்னு 'வாரேன்'னு சொன்னா, சாவு அதைக் கேட்டுக்கிட்டு அதுவும் மறுபடி வந்துடும். இந்த ரெண்டையும் மனசுல வச்சிக்கிடுங்க. செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பின வண்டி எங்க ஊருக்குத் திரும்பி வந்ததுக்கு இதுதான் காரணம், வேற காரணம் சொல்லுதவன் சொல்லிக்கிட்டுக் கிடக்கட்டும்.

நான் செல்லப்பழம். 'செல்லப்பழம் ஒலி ஒளி'ன்னு போர்டு பாத்திருப்பிய, பாக்கலைன்னா உங்க கண்ணுலதான் கோளாறு. கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம்னு இந்தச் சுத்துவட்டாரத்துல குழாய் கட்டி மைக் செட்டு போடுதது நான்தான். சத்தம் எங்க தேயும், எங்க மோதித் திரும்பும், எங்க போயி விழும்னு எனக்குத் தெரியும், அதனாலதான் இந்தக் கதையை நான் சொல்லுதேன்; மத்தவன் சொன்னா கண்ணால பாத்ததை மட்டும்தான் சொல்லுவான். எங்க ஊரு தேரிக்காட்டு ஓரத்துல இருக்கு. தேரின்னா செக்கச்செவேல்னு மணல், மேடு மேடா, காத்தடிச்சா எந்திரிச்சு நடக்குற மணல். ஆடிக் காத்துல நேத்து இங்கன இருந்த மேடு இன்னைக்கு அடுத்தவன் தோட்டத்துல கிடக்கும், இடையில நாலு பனை, நாலு முந்திரி, கொஞ்சம் உடை மரம். செவ்வாயும் இப்படித்தான் இருக்கும்னு சொல்லிக்கிட்டு ஒரு விஞ்ஞானிக் கூட்டம் லாரியும் கூடாரமுமா வந்து இறங்கிச்சு.

அவங்க கொண்டாந்தது ஆறு சக்கரம் வச்ச ஒரு வண்டி, ஒரு கன்னுக்குட்டி உசரம், மேல ஒத்தைக் கழுத்து, கழுத்துல ரெண்டு கண்ணு, பக்கவாட்டுல ஒரு சின்ன மைக்கு. மைக்கைப் பாத்ததும் நான் கிட்டப் போயிட்டேன். அங்க வீசுற காத்தைக் கேக்குறதுக்கு வச்சிருக்குன்னு சொன்னா தமயந்தி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புள்ள, வண்டிச் சக்கரத்துக்கு அவதான் பொறுப்பு. முந்திப் போன வண்டிகள்ல ஒண்ணு பொலபொலத்த மணல்ல மாட்டி, சக்கரத்தைச் சுத்தச் சுத்த உள்ள இறங்கி, அங்கனயே கிடந்து செத்துப்போச்சாம். இங்கேயிருந்து 'நில்லு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா அது போயிச் சேருறதுக்குள்ள ஒரு பானை சோறு வடிச்சிடலாமாம், அதனால வண்டிக்கே சொந்தப் புத்தி வேணுமாம். மணல் காலை வாங்குதுன்னு தெரிஞ்சா அது தானா நிக்கணும், முறுக்கக் கூடாது, ஒவ்வொரு சக்கரமாத் தூக்கி எட்டு வச்சு வெளிய வரணும், அப்படியும் முடியலைன்னா வந்த தடத்துலயே பின்னால நடந்து தனக்குத் தெரிஞ்ச மணலுக்குத் திரும்பிடணும். இதைத்தான் எங்க தேரியில மாசக்கணக்கா அதுக்குச் சொல்லிக்கொடுத்தாவ. பழக்கிவிட்ட ஆடு பட்டிக்குத் திரும்புற மாதிரி அது எங்கன கொண்டுபோயி விட்டாலும் கடைசியில சுயம்புக்கனி மைனி வீட்டுக் கொல்லையில இருக்குற முந்திரி மரத்தடிக்கு வந்து நின்னுக்கும், ஏன்னா அங்கேயிருந்துதான் தினமும் அதை ஓட்டத் தொடங்குவாவ.

சுயம்புக்கனி மைனி எனக்குப் பெரியப்பா மகன் பொண்டாட்டி. அண்ணன் செத்து வெகு நாளாச்சு. அந்தக் கூட்டத்துக்கு அவதான் சோறாக்கிப் போட்டா. மைனியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவளுக்கு ஒத்த மகன், ஆதிலிங்கம். சின்னதுல முந்திரி மரத்துல இருந்து விழுந்து வலது கால் உள்வாக்குல திரும்பிப்போச்சு, ஆனா ஆளு துடியான பய. தூத்துக்குடியில சரக்குத் தோணியில வேலை கிடைச்சிருக்குன்னு வந்து நின்னான். கடல் வேண்டாம்னு மைனி ஒரு வாரமா அழுது பாத்தா, திட்டிப் பாத்தா, பட்டினி கிடந்தா. அவன் கிளம்புற அன்னைக்கு அவ அடுப்படியில சோறு வடிச்சிக்கிட்டு இருந்தா, அவன் வாசப்படியில பையோட நின்னு "அம்மா, வா..."ன்னு வாயைத் திறந்தான். அந்தச் சொல்லு முடியுறதுக்குள்ள, பானையை விட்டுக் கண்ணை எடுக்காம, திரும்பியும் பாக்காம "போ"ன்னுட்டா. அவ்வளவுதான். 'வாரேன்' பாதியில நின்னுபோச்சு. தோணி கிளம்பினதை எல்லாரும் பாத்தாவ, சேர்ந்ததை ஒருத்தரும் பாக்கலை. ஒரு பலகை ஒதுங்கலை, ஒரு துணி ஒதுங்கலை. ஊரு கூடி, கருமாதி பண்ணிரலாம் தாயின்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தாச்சு. அவ சம்மதிக்கவே இல்லை. அன்னையில இருந்து மைனி எல்லாத்துக்கும் 'போயிட்டு வா' சொல்ல ஆரம்பிச்சா, பஸ்ஸுக்குச் சொல்லுவா, சிலிண்டர்காரனுக்குச் சொல்லுவா, மேகத்துக்குச் சொல்லுவா, கறிக்கடைக்குப் போற கிடாய்க்குக்கூடச் சொல்லுவா. புள்ளைங்க சிரிக்கும். நாங்க சிரிக்கிறது இல்ல.

வண்டி கிளம்புற அன்னைக்கு அந்தப் படிச்ச கூட்டமே சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சுது, நான் பாத்தேன். மைனி வண்டிக் கழுத்துக்குத் திருநீறு பூசி, மைக்குப் பக்கத்துல வாயைக் கொண்டுபோயி "பத்திரமா போயிட்டு வா மக்கா"ன்னு சொன்னா. தமயந்தி சிரிச்சுக்கிட்டே, இது வராதுங்கம்மா, ஒரு வழிப் பயணம்ங்க, போனா அங்கயேதான்னு சொன்னா. மைனிக்குக் கோவம் வந்துட்டு. கிளம்புற உசுரைப் பாத்து வராதுன்னு யாரு சொல்லுவான்னு கேட்டா. அது உசுரு இல்லையேன்னு அந்தப் புள்ளயும் சொல்லலை. லாரி கிளம்பிட்டு.

வண்டி மேல போச்சு, டிவியில பாத்தோம், கைதட்டினோம், பல மாசம் கழிச்சு அங்க இறங்குச்சு, அதையும் பாத்தோம். அது அனுப்பின முதல் படத்தைப் பாத்துட்டு எங்க தருமகர்த்தா ஜெயக்கொடி, இது நம்ம வடக்குத் தேரிதான, நம்மளை ஏமாத்துதானுவன்னு சொன்னாரு. அந்த வருச மழை முடிஞ்சு, மணல் காஞ்சு, வெயில் சுள்ளுன்னு அடிச்ச ஒரு உச்சிப்பொழுதுல, மரியபுஷ்பம் மீன்பெட்டியோட தேரி வழியா வந்தவ, மணல்ல ஆறு சக்கரத் தடம் கிடக்குன்னு சொன்னா. போயிப் பாத்தோம். தடம் நட்ட நடு மேட்டுல தொடங்குச்சு, அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல, சுத்தமான மணல், வானத்துல இருந்து ஆரோ இறக்கிவிட்ட மாதிரி. அங்கேயிருந்து நேரா மைனி வீட்டுக் கொல்லைக்கு வந்து, முந்திரி மரத்தடியில முடிஞ்சுது. அங்க வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு.

மைனி அலறலை, ஆச்சரியப்படலை. வெளியூர்ல இருந்து வந்த புள்ளைக்குக் கால் கழுவத் தண்ணி கொண்டாருத மாதிரி செம்போட வந்தா. ரெண்டு எட்டு கிட்டப் போனதும் செம்புத் தண்ணி தீயில்லாமலே தளதளன்னு கொதிச்சுது, கொதிச்சுக்கிட்டு இருக்கும்போதே அப்படியே கட்டியா உறைஞ்சுபோச்சு. நடு உச்சியில நம்ம நிழலெல்லாம் காலடியில கிடக்க, வண்டி நிழல் மட்டும் சாயங்கால நிழலாட்டம் நீளமா கிழக்காம கிடந்துச்சு. நான் கவனிச்சது வேற. மைனி என்னவோ பேசுதா, வாய் அசையுது, எனக்குக் கேக்கலை. கிட்டப் போயிக் கேட்டேன். அவ குரல்ல ட்ரெபிள், அதான் மேல் சத்தம், மொத்தமும் செத்துப்போயி, அடிக்குரல் மட்டும் ஒரு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வந்துச்சு. "வந்துட்டியா மக்கா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. பொழுது சாயுறதுக்கு முன்னால வண்டி புறப்பட்டு, மேட்டுல ஏறி, நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே இல்லாமப் போச்சு. மறுநாள் உச்சிக்கு மறுபடி வந்துச்சு.

அப்புறம் அது தினமும் வந்து போச்சு. ஒரு வாரத்துல ஊருக்குப் பழகிட்டு, எங்க ஆளுகளுக்கு எதுதான் பழகாது. வண்டியைச் சுத்திக் குளிரும் காத்தில்லாமையுமா ஒரு வட்டம் இருந்துச்சு, வட்டம்னே அதுக்குப் பேரு வச்சோம். மரியபுஷ்பம் ஐஸ் வாங்குறதை நிறுத்திட்டு மீன்பெட்டியை வட்டத்து ஓரத்துல வச்சு எடுத்தா, விலையை மட்டும் குறைக்கலை. செவ்வாய் தோஷம்னு கல்யாணம் தட்டிப்போன புள்ளைங்களைப் பெத்தவங்க கூட்டிட்டு வந்து, செவ்வாயே வீடு தேடி வந்து நிக்குது, கிட்ட நின்னு கும்பிட்டுக்கோன்னு நிறுத்தினாவ, அதுல ரெண்டுக்கு வரனும் அமைஞ்சுது. புருசன் பொண்டாட்டி சண்டைன்னா ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் வட்டத்துக்குள்ள நிறுத்துனோம், ஒருத்தர் திட்டுறது ஒருத்தருக்குக் கேக்காது, மூச்சு முட்டி வெளிய வரும்போது ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு வருவாவ. வெளியூர்ல இதைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு தருமகர்த்தா சொல்லிட்டாரு. சொன்னா வேலி போட்டு நம்மளை வெளிய நிறுத்திப்புடுவானுவன்னாரு. அவரு சொன்னதுல அது ஒண்ணுதான் உருப்படி.

ஆனா வட்டம் நின்ன இடத்துல நிக்கலை. கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சுது. முதல்ல முந்திரி இலை கருகி உதிர்ந்துச்சு, அப்புறம் மரமே செத்துச்சு, காக்கா பறந்து வந்து வட்டத்துக்கு மேல இறக்கையடிக்க முடியாம பொத்துன்னு விழுந்துச்சு, ஆட்டுக் கழுத்துல மணி அசையுது, சத்தம் வரலை. வண்டி போன பிறகும் அந்த இடத்துல காத்து நிறையுறதுக்கு ராத்திரி முழுக்க ஆச்சு. உச்சி நேரத்துல மைனி வீட்டு அடுப்புல தீ நிக்கலை. நாங்க சமாளிச்சோம், பாதையை மாத்தினோம், ஆட்டை வேற பக்கம் விட்டோம்.

ஒருநாள் மைனி என்னைக் கையைப் பிடிச்சு மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. சக்கரத் தடத்துக்குப் பின்னால காலடித் தடம் கிடந்துச்சு. வெறுங்கால். இடது கால் நேரா, வலது கால் உள்வாக்குல திரும்பி. எவனாவது ஆடு மேய்க்கிறவனா இருக்கும் மைனின்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தக் காலடி வண்டிக்குப் பின்னாலயே வந்து, பாதி மேட்டுல நின்னுபோயிருந்துச்சு. மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கிட்ட வந்து நின்னிருந்துச்சு. அதுக்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். தமயந்தி முன்னால அவகிட்டச் சொல்லியிருந்தா, அங்க ஒரு ஈ எறும்பு கிடையாதுங்கம்மா, வெறும் செம்மணல்தாங்கன்னு. மைனி அதைத் திருப்பிப் போட்டா. 'போயிட்டு வா'ன்னு சொல்லி அனுப்பினது வந்துட்டு, அப்ப சொல்லுக்குப் பலம் இருக்கு. 'போ'ன்னு அனுப்பினவன் போன இடம் ஒண்ணு இருக்கணும், திரும்புற வழி தெரியாத ஆளுக எல்லாம் அங்கனதான் நிக்கணும், இந்த வண்டிக்கு வழி தெரியும், அது தடத்தைப் பிடிச்சுக்கிட்டு எம் மகன் வாரான், கால் சரியில்லாத பய, மெதுவாத்தான் வருவான்னா.

ஊரு வேற கணக்குப் போட்டுச்சு. தருமகர்த்தா நாலு பேரோட வந்து, நீ சொன்ன வார்த்தையை நீதான் எடுக்கணும் தாயி, அதைப் பாத்து ஒரு தடவை 'போ'ன்னு சொல்லிடு, வட்டம் தெருவுக்கு வந்துட்டுன்னு கெஞ்சிக் கேட்டாரு. மைனி தலையைக் குனிஞ்சுக்கிட்டே, அந்தச் சொல்லு என் வாயில இருந்து ஒரு வாட்டிதான் வரும், அது வந்துட்டுன்னா. கொஞ்ச நாள் பொறுங்க, அவன் வந்து சேந்துடட்டும், அப்புறம் நானே பாத்துக்கிடுதேன்னு எல்லாரையும் கும்பிட்டா. எங்களுக்கும் மனசு வரலை. பொறுத்தோம்.

அந்த நாள்லதான் தமயந்தி தனியா பஸ்ஸில வந்து இறங்கினா, ஆபீசுல யாருக்கும் சொல்லாம. செவ்வாயில வண்டி தினமும் ஒரு பொழுது பேச்சு மூச்சில்லாம போயிடுதாம், முழிச்சா சக்கரம் ரெண்டு மடங்கு தேஞ்சிருக்காம், காரணம் தெரியாம எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காவளாம். போன வாரம் வண்டி தன் சக்கரத்தைத் தானே படம் எடுத்து அனுப்பியிருக்கு, அதுல சக்கரப் பல்லுக்கு நடுவுல ஒரு முந்திரிச் சருகு ஒட்டியிருந்துச்சாம். அவ அந்தப் படத்தை அழிச்சுட்டு லீவு போட்டுட்டு வந்துட்டா. கொல்லைக்குப் போயி, மூச்சை அடக்கிக்கிட்டு வட்டத்துக்குள்ள குனிஞ்சு, ஒவ்வொரு சக்கரமாத் தடவிப் பாத்துட்டு வெளிய வந்து உக்காந்து அழுதா. பயம் வந்தா தெரிஞ்ச மணலுக்குத் திரும்பணும்னு நாங்கதாங்க சொல்லிக்கொடுத்தோம், அங்க அதுக்குத் தெரிஞ்ச மணல் ஒண்ணுகூட இல்லீங்க, அதான் இங்க வருதுன்னா. இப்படி வந்து வந்து போச்சுன்னா சீக்கிரம் ரெண்டு இடத்துக்கும் இல்லாம நடுவுல எங்கயாவது நின்னுடும்னா. மைனி அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தா.

இனி சொல்லப்போறது என் வீட்டு விசயம். எனக்கு ஒரு மக, அபிஷா, அஞ்சு வயசு. மறுநாள் உச்சிக்கு நான் குழாய்க் கம்பத்துல ஏறி நிக்குதேன், புள்ள பந்தைத் துரத்திக்கிட்டு மைனி வீட்டுச் சந்துக்குள்ள ஓடுது. நேத்து வரைக்கும் சந்து வெளியில இருந்துச்சு, அன்னைக்கு வட்டத்துக்குள்ள போயிருந்துச்சு, அது எனக்குத் தெரியாது. மேல இருந்து பாக்கேன், எம் புள்ள குனியுது, பந்தை எடுக்குது, அப்படியே மடங்கி மணல்ல விழுது. கத்துனேன். என் தொழிலே சத்தம், அன்னைக்கு என் சத்தம் அந்த வட்டத்து ஓரத்துல போயி செத்து விழுந்துச்சு. இறங்க இறங்கக் கம்பம் முடியவே இல்ல. மைனி அந்த நேரம் மேட்டுப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தா, காலடித் தடம் அன்னைக்கு அவ கொல்லை வேலி வரைக்கும் வந்திருந்துச்சு, இன்னும் நாலு எட்டுத்தான். அவ திரும்பினா, புள்ளையைப் பாத்தா, ஓடினா. வட்டத்துக்குக் குறுக்க ஓடி, புள்ளையை வாரித் தோள்ல போட்டுக்கிட்டு, உதடு நீலம் பாரிச்சு வெளிய வந்து விழுந்தா. புள்ளை மூச்சு இழுத்து அழுதுச்சு. அந்த அழுகையைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்ல, இனியும் கேக்கப்போறதில்ல.

மைனி வெகு நேரம் மணல்லயே உக்காந்திருந்தா. புள்ளையை ஓடி எடுத்ததுல அந்தக் காலடித் தடத்தை அவளே மிதிச்சுக் கலைச்சிருந்தா. அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, தருமகர்த்தாவைக் கூட்டிட்டு வரச் சொன்னா.

"போன்னு நான் சொல்ல மாட்டேன்"ன்னா. "சொல்லாம அனுப்புற வழி ஒண்ணு இருக்கு. நாளைக்கு நீர்மாலை எடுங்க."

தருமகர்த்தாவுக்குப் புரியலை, எனக்குப் புரிஞ்சுட்டு. நீர்மாலைன்னா பொணத்தைக் குளிப்பாட்ட எடுத்துட்டு வர்ற தண்ணி. செத்தவங்க ஒருத்தருக்குத்தான் நாம 'போயிட்டு வா' சொல்லுறது இல்ல. வண்டியை நம்மளைப் பொறுத்து செத்ததா ஆக்கிட்டா, அது இங்க வராது, அங்கன உசுரோட இருக்கும். ஆனா வண்டி வந்த வழியில இன்னொருத்தன் வந்துக்கிட்டு இருக்கானே, அந்த வழியும் சேந்து மூடுமே. அதை யாரும் வாய்விட்டுக் கேக்கலை.

மறுநாள் உச்சிக்கு ஊரே வந்துச்சு. சங்கு ஊதினாவ, வட்டத்துக்கு வெளியில வரைக்கும்தான் கேட்டுச்சு. கிணத்துல இருந்து நீர்மாலை எடுத்துட்டு வந்து வண்டி மேல ஊத்தினோம், தண்ணி பொங்கிக் கொதிச்சு கண்ணாடிச் சில்லா சக்கரத்துல ஒட்டிக்கிச்சு. கோடித் துணி போட வேண்டிய இடத்துல மைனி ஒரு பழைய நீலக் கட்டம் போட்ட சாரத்தைக் கொண்டாந்து வண்டி மேல போத்தினா. அது ஆதிலிங்கம் இடுப்புல கட்டின சாரம். ஒவ்வொருத்தரா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயி வாய்க்கரிசி போட்டோம், எங்க போடணும்னு தெரியாம அந்த மைக்கு மேல போட்டோம். தமயந்தியும் போட்டா, போட்டுட்டு சக்கரத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. மெஷினுக்குத்தான் செய்யுதோம்னு எல்லாரும் அவங்கவங்க மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தோம். பொம்பளைங்க ஒப்பாரி வைக்கலை, மைனி வேண்டாம்னுட்டா.

கடைசியில குடம். பெத்தவ குடம் உடைக்கிற வழக்கம் எங்க ஊர்ல கிடையாது, எந்த ஊர்லயும் கிடையாது. மைனி தண்ணிக் குடத்தைத் தோள்ல வச்சுக்கிட்டு வண்டியைச் சுத்தி வந்தா, சுத்துக்கு ஒரு ஓட்டை போட்டோம், ஓட்டையில இருந்து விழுந்த தண்ணி தரைக்கு வராம பனியா பறந்துச்சு. குடத்தைப் பின்னால போட்டா. உடைஞ்ச சத்தம் வரலை, சில்லு சிதறினது மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பி நடந்தோம், ஒரு வார்த்தை பேசாம. திரும்பிப் பாக்கக் கூடாது. ஒருத்தர் பாத்தாலும் செஞ்சதெல்லாம் வீண், வட்டம் மறுபடி வந்துடும், நாளைக்கு இன்னும் பெருசா வரும். அபிஷா திரும்பிடக் கூடாதுன்னு அவ முகத்தை என் தோள்ல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். மைனி எனக்கு முன்னால போனா.

பாதிக் கொல்லை தாண்டியிருப்போம். பின்னால குரல் கேட்டுச்சு. நான் குரலுக்குக் காது கொடுத்தே காலம் தள்ளுதவன், ஆயிரம் பேரு மைக்குல பேசினாலும் இன்னார்னு சொல்லிடுவேன். ட்ரெபிள் செத்துப்போன குரல், ஒரு வண்டி உசரத்துல இருந்து வருது, இல்ல ஒரு ஆள் உசரத்துல இருந்து. அதே வாசப்படிக் குரல். இந்தத் தடவை பாதியில நிக்கலை.

"அம்மா, வாரேன்."

மைனி நின்னுட்டா. அவ பின்னங்கழுத்து நரம்பு புடைச்சதை நான் பாத்தேன், தலை ஒரு நெல்லு அளவுக்குத் திரும்பினதையும் பாத்தேன். திரும்பாதீங்க மைனின்னு என் வாயில வந்துச்சு. எம் புள்ளையைச் சுமந்துக்கிட்டு நான் எப்படிச் சொல்லுவேன்? திரும்புங்க மைனின்னும் சொல்ல முடியலை. அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. மைனி கண்ணை இறுக மூடிக்கிட்டா, மூடின கண்ணோட ஒரு எட்டு எடுத்து வச்சா, அப்புறம் இன்னொண்ணு. வேலியைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து போனா. அவ திரும்பலை.

வண்டி அதுக்கப்புறம் வரலை, அதை இப்பமே சொல்லிடுதேன். அங்க நல்லா ஓடுதாம், புது மணல்லயும் பயப்படாம எட்டு வச்சுப் போகுதாம், தமயந்தி போன்ல சொன்னா. படத்துல அது மேல ஏதோ நீலமாத் தெரியுதேன்னு ஆபீசுல கேட்டாவளாம், வெளிச்சம் அப்படின்னு சொல்லிட்டாளாம். காலடித் தடத்தைப் பத்தி மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க.

அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் குளிச்சுட்டு மைனி வீட்டு முத்தத்துல கொஞ்ச நேரம் உக்காந்தோம். அடுப்புல தீ நல்லா நின்னு எரிஞ்சுது. மைனி உலை வச்சு, அரிசி அளந்து, ஒரு உழக்கு கூடப் போட்டா, யாருக்குன்னு நாங்க கேக்கலை. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம படியிறங்கிப் போனாவ. தருமகர்த்தா போனாரு, மரியபுஷ்பம் போனா, தமயந்திக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தாவ போல, அவளும் சொல்லாமப் போனா. ஒவ்வொருத்தர் சொல்லாமப் போகும்போதும் மைனி முதுகு இன்னும் கொஞ்சம் குனிஞ்சுது. வண்டிக்குத்தான் செஞ்சோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தது எல்லாம் அந்த வாசல்ல பொய்யாப்போச்சு. ஊரு அவ மகனுக்குத் துக்கம் கேட்டுட்டுப் போய்க்கிட்டு இருந்துச்சு.

கடைசியா நான். அபிஷா தோள்ல தூங்குது. மைனி எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அடுப்படியில சோறு வடிச்சுக்கிட்டு இருந்தா. நான் கேட்டேன், கேக்காம இருக்க முடியலை, மைனி, வாரேன்னு சொன்னானே, வாரதுக்குச் சொன்னானா, போறதுக்குச் சொன்னானான்னு. ரெண்டுக்கும் நம்ம ஊர்ல ஒரே சொல்லுதானன்னு, மைனி திரும்பாமலே சொன்னா.

படியில வந்து நின்னேன். இழவு வீட்டுல சொல்லக் கூடாத வார்த்தைன்னு எனக்குத் தெரியும். சொன்னா எது அதைக் கேட்டுக்கிட்டு வரும்னும் தெரியும், தோள்ல புள்ளையை வேற வச்சிருக்கேன். சொல்லாம இறங்கிட்டா இது இழவு வீடுதான். வர்றது வரட்டும்னு வாயைத் திறந்தேன்.

"மைனி, வாரேன்."

பானையைக் கீழ வச்ச சத்தம் கேட்டுச்சு. மைனி முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு முழுசாத் திரும்பினா. என்னைப் பாத்தா, எனக்குப் பின்னால இருட்டிக்கிட்டு வந்த தேரியையும் பாத்தா.

"போயிட்டு வா"ன்னா.

அதுக்கப்புறம்தான் நான் படியை விட்டு இறங்கினேன்.